ஜீப் போயிடுச்சு... பேர் போகலையே!

ஹரியானாவில், பஞ்சாப் எல்லையை ஒட்டி இருக்கிறது மண்டி டப்வாலி. ஜீப்களை அடையாளமே தெரியாதபடி மாற்றித் தரும் பட்டறைகளுக்குப் பேர்போன ஊர். வெளிமாநிலத்தவரும் தேடி வருகிறார்கள்.

தடித்த டயர், உயர்த்திய பாடி, வேறு டீசல் இன்ஜின் என ஆசையாய்ச் செய்த ஜீப்பை விற்கும்போதுதான் சிக்கல். ஆர்.சி.யில் இருப்பது ஒன்று, வாசலில் நிற்பது வேறொன்று! தயாரிப்பாளரின் வடிவமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என 2019-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் பெயர் மாற்றம் தடைபடலாம்.

'பிறகு பார்க்கலாம்' என்று சாவியைக் கொடுத்துவிட்டால்? ஆர்.சி.யில் யார் பெயரோ, அவரே உரிமையாளர் என்கிறது அதே நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பு. வாங்கியவர் விபத்தில் சிக்கினால், இழப்பீட்டுப் பொறுப்பு விற்றவர் தலையில்!

படிவம் 29, 30 கொடுத்து, பெயர் மாறிய பிறகே நிம்மதி. கழற்றிய ஒரிஜினல் பாகங்களைப் பத்திரமாக வையுங்கள். விற்கும்போது கைகொடுக்கும்!