கடற்சாமந்தியின் மடியில்

இராமேசுவர யாத்திரை செல்வோர் பாம்பன் பாலத்தின்மீது செல்லுகையில் சமுத்திரத்தைக் கண்டு கைகூப்புவர். அந்த ஜலத்தின் அடியில் வசிக்கும் குடும்பங்களைப் பற்றி நினைப்பவர் அரியர். சென்ற மாசியில் மண்டபத்தில் இரண்டு தினங்கள் தங்கியிருந்த நாம், அத்தகைய குடும்பம் ஒன்றைக் காட்சித் தொட்டியில் கண்டு நெடுநேரம் நின்றுவிட்டோம்.

கோமாளி மீன் என்பது அதன் பெயர். சாண் நீளத்தைத் தாண்டாது. கரிய மேனியில் இரண்டு வெள்ளைப் பட்டைகள், வால் மஞ்சள். மணலில் ஜமக்காளம்போல் விரிந்து கிடக்கும் கடற்சாமந்தியே அதன் வீடு. பூவென்று பெயர் பெற்றாலும் அது பிராணியே. அதன் விரல்கள் தீண்டினால் பிற மீன்கள் விஷத்தால் மடியும். கோமாளி மீனின் உடலைப் போர்த்த வழுவழுப்பான பூச்சோ அவ்விஷத்தைத் தூண்டுவதில்லை.

இக்குடும்பத்தில் அனைத்திலும் பெரியவள் தலைவி. அடுத்தவன் அவள் கணவன். மற்றவை சிறியவை, இனப்பெருக்கத்தில் பங்கில்லாதவை. தலைவி இறந்துபட்டால் கணவனே பெண்ணாக மாறிவிடுகிறான்! சிறியவற்றுள் பெரியது அவனிடத்தைப் பெறுகிறது. புராணத்தில் இதைப் படித்திருந்தால் நம்மிற் பலர் நகைத்திருப்போம். முட்டைகளைக் காப்பதும் பெரும்பாலும் தந்தையின் கடமையே. செட்டைகளால் ஓயாது விசிறி, கெட்டவற்றை வாயால் அகற்றுகிறான்.

மறுநாள் எம்மைப் படகில் அழைத்துச் சென்ற முதியவர் ஒரு திசையைக் காட்டினார். தூத்துக்குடி வரையிலுள்ள 21 தீவுகளில் இரண்டு மூழ்கிப்போனமைக்குப் பவளப்பாறையை வெட்டியெடுத்ததும் ஒரு காரணம்.

"ஐயா, சுண்ணாம்புக் காளவாய்க்கு வள்ளம் வள்ளமாகப் பார்க் கல்லு போச்சு. தீவே போகுமென்று அப்போ யாருக்குத் தெரியும்?" என்றார் அவர்.

1986-இல் இவ்விடம் கடல்வாழ் தேசியப் பூங்காவாயிற்று. 2001-இல் பவளங்களுக்குச் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. ஆயினும் ஜலம் சூடேறுவதைச் சட்டம் தடுக்குமோ? 2016-ஆம் ஆண்டுக் கோடையில் இங்கே பவளங்கள் வெளுத்தன. பவளத்தைப் போலவே கடற்சாமந்தியும் தன்னுள் வாழும் நுண்பாசியை நம்பியிருப்பது. வெப்பம் மிகுந்தால் அதுவும் வெளுக்கும். அது அழியின் கோமாளி மீனுக்குப் போக்கிடமில்லை.

புறப்படுமுன் மீண்டும் தொட்டியருகே சென்றோம். முட்டைகள் வெள்ளி நிறமாகிக் குஞ்சுகளின் கண்கள் புள்ளிகளாகத் தெரிந்தன. இன்றிரவோ நாளை இரவோ பொரிந்துவிடுமென்றார் அங்கிருந்த ஊழியர். கடலாயின் அவை பத்துப் பதினைந்து நாள் நீரோட்டத்தில் அலைந்து வேறொரு கடற்சாமந்தியைத் தேடவேண்டும். தந்தை விசிறிக்கொண்டே இருந்தான். எமக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது.