டேங்க் சீட்டுக்கு அடியில்

பழைய கோல்டு விங் பைக்குகளைப் பழுதுபார்ப்பது என் பிழைப்பு. பட்டறை இருப்பது அமெரிக்காவின் ஒஹாயோவில். அவற்றில் அதிகம் கைக்கு வரும் ஜிஎல்1500 மாடல் வண்டிகளும் இதே மாநிலத்தின் மேரிஸ்வில் ஆலையில் பிறந்தவைதான். சொந்தக்காரர்கள் ரேடியோவைக் காட்டுவார்கள், பின்சீட்டு ஸ்பீக்கரைக் காட்டுவார்கள், குளிரில் பாதத்துக்குச் சூடான காற்று வரும் துவாரத்தைக் காட்டுவார்கள். என்னைக் கேட்டால் இந்த வண்டியின் சொகுசு பெட்ரோல் டேங்கில் தொடங்குகிறது. அது வெளியே தெரியாது. டேங்க் போல் முன்னால் இருப்பது வெறும் மூடி. பெட்ரோல் நிற்பது சீட்டுக்கு அடியில்.

1974-இல் கொலோன் கண்காட்சியில் அறிமுகமான முதல் மாடல் ஜிஎல்1000-லேயே இந்த ஏற்பாடு இருந்தது. எஞ்சினும் தாழ்வுதான். சிலிண்டர்கள் நிமிராமல் இரண்டு பக்கமும் படுத்திருக்கும். முதலில் நான்கு, 1988-இல் ஜிஎல்1500 வந்தபோது ஆறு, 1,520 சிசி. எதிரெதிரே ஓடும் பிஸ்டன்களில் ஒன்றின் உதறலை மற்றது விழுங்கிவிடுகிறது. நாள் முழுக்க ஓட்டியும் உள்ளங்கை மரத்துப்போகாததன் ரகசியம் அங்கே இருக்கிறது. செயினும் கிடையாது, ஷாஃப்ட். எண்ணெய் விடுவது, இழுத்துக் கட்டுவது என்ற தொல்லையே இல்லை.

எடை 360 கிலோவுக்குக் குறையாது. ஓடும்போது அது தெரிவதில்லை. இறக்கத்தில் சுவரைப் பார்த்து நிறுத்திவிட்டால் தெரியும். அதற்குத்தான் ரிவர்ஸ்: எஞ்சின் ஓட, நியூட்ரலில் வைத்து, இடப்பக்க லீவரை இழுத்து ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினால், ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை நடையைவிட மெதுவாகப் பின்னால் நகர்த்தும். இதைக் கேலி செய்யும் இளவட்டங்களிடம் ஒருமுறை தள்ளிப் பாருங்கள் என்பேன்.

ஓட்டுபவருக்குக் கிடைக்கும் சுகத்துக்கெல்லாம் விலை கொடுப்பது மெக்கானிக்கின் முதுகு. ஏர் ஃபில்டர் மாற்றுவது மற்ற பைக்குகளில் சில நிமிட வேலை. இங்கே சீட், பக்க மூடிகள், அந்தப் பொய் டேங்க் எல்லாம் கழன்றாக வேண்டும். பல வருட வெயில் பார்த்த பிளாஸ்டிக் காதுகள் தொட்டாலே ஒடியும். குரூஸ் கன்ட்ரோல் வேலை செய்யவில்லை என்று வருகிறவர்கள் சுவிட்சைத்தான் சந்தேகிப்பார்கள். நான் முதலில் வேக்குவம் குழாயில் வெடிப்பு தேடுவேன்.

வால்வுகளுக்கு ஹைட்ராலிக் ஏற்பாடு இருப்பதால் டேப்பெட் அட்ஜஸ்ட் செய்யும் வேலையும் இல்லை. அதனாலேயே எஞ்சின் பக்கம் திரும்பிப் பார்க்காமல் ஓட்டுகிறவர்கள் உண்டு. உள்ளே இரண்டு டைமிங் பெல்ட், இரண்டும் ரப்பர். அறுந்தால் பிஸ்டன் இடித்து வால்வு வளையும். கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்பேன். ஞாபகமில்லை என்றால், புதுசு போட்ட பிறகுதான் சாவி.