திருப்பாச்சேத்தியில் ஒரு மதியம்: கறுப்புக் கத்தியும் ஒரு துண்டு உப்புத்தாளும்

அம்மாவுக்கு மூட்டு வலி. அரிவாள்மனையில் குத்தவைத்து உட்கார முடிவதில்லை. நின்றபடியே நறுக்கட்டும் என்று ஆன்லைனில் ஒரு கத்தி வாங்கிக் கொடுத்தேன். கார்பன் ஸ்டீல், மேலே வழவழவென்று கறுப்புப் பூச்சு. பார்க்க ஜோராக இருந்தது. மூன்றாம் வாரம் முள்ளங்கியில் கறுப்பு கறுப்பாகத் துணுக்குகள். கத்தி பரணுக்குப் போனது. அம்மா மறுபடியும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

லீவுக்கு மதுரை வந்த நான் அந்தக் கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு பைக்கை எடுத்தேன். விரகனூர், சிலைமான், கீழடி விலக்கு, திருப்புவனம்... ராமேஸ்வரம் சாலையில் சுமார் 30 கிலோமீட்டர் போனால் திருப்பாச்சேத்தி. 2005-ல் விஜய் படம் ஒன்று இந்த ஊர்ப் பெயரைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனது. ஆனால், இந்த ஊர் அரிவாளுக்கு அதற்கு முன்பே பேர் உண்டு. லாரிக்கு அடியில் இருக்கும் பட்டையை வெட்டி, உலையில் பழுக்கக் காய்ச்சி, அடித்து அரிவாளாக்குகிறார்கள். லாரி பாரத்தையே தாங்கிய இரும்பு, தென்னை மட்டைக்கா வளையும்?

நான் போன பட்டறையில் துருத்திக்குப் பதில் மின்சார ஊதி. சுவரோரம் அரிவாள், மண்வெட்டி, தேங்காய் உரிக்கும் கம்பி. பெரியவர் ஒருவர் கத்தியை வாங்கி, நகத்தால் ஒரு கீறு கீறினார். தோல் மாதிரி உரிந்தது.

“இது பெயின்ட்டு தம்பி. கடையில கிடக்கையில துருப்பிடிக்கக் கூடாதுன்னு பூசுறது. இரும்போட சேந்த கறுப்பா இருந்தா நகத்துக்கு வராது. அதை எடுக்கவும் வேணாம்.”

“அப்ப உலையில ஒரு காட்டு காட்டி எரிச்சிருங்கய்யா.”

சிரித்தார். “எரிச்சா பூச்சோட பதமும் போயிரும். அப்புறம் தக்காளிகூட நறுங்காது.”

சாணை மிஷினிலும் வைக்க மாட்டேன் என்றார். மெல்லிய தகடு, சூட்டில் விளிம்பு நீலம் பாய்ந்தால் அந்த இடம் இளகிவிடுமாம். எரிப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு, இது நான் படித்தது: நான்ஸ்டிக் வகைப் பூச்சாக இருந்தால், அளவுக்கு மீறிச் சூடேறும்போது வரும் புகை நுரையீரலுக்கு ஆகாது. அடுப்பில் காட்டும் யோசனை இருந்தால் கைவிடுங்கள்.

மிச்சமிருப்பது கை. ஒரு மரக்கட்டை, இரண்டு துண்டு உப்புத்தாள், ஒரு சட்டி தண்ணீர் கொடுத்து, “நீங்களே தேயுங்க” என்று உலைப் பக்கம் போய்விட்டார்.

கத்தியைக் கட்டையில் படுக்கவைத்து, முதலில் சொரசொரப்பான தாள். குறுக்கே தேய்க்கக் கூடாது, பிடியிலிருந்து நுனி வரை ஒரே திசையில் நீளமாக. விரல் விளிம்பைத் தாண்டவே கூடாது. தாளை அடிக்கடி நனைக்க வேண்டும். தூள் மூக்கில் ஏறாது. பத்து நிமிட வேலை என்று நினைத்தேன். ஒரு பக்கத்துக்கே முக்கால் மணி நேரம். பிடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த கடைசிக் கறுப்பு என் பொறுமையைச் சோதித்துவிட்டது. பிறகு நைஸ் தாள். கறுப்பெல்லாம் போய் வெறும் இரும்பு தெரிந்தபோது கத்தி சின்னதாகிவிட்டது போல இருந்தது.

சில கத்திகளில் கண்ணாடி மாதிரி நிறமில்லாத வார்னிஷ் இருக்கும். அதற்கு இவ்வளவு பாடு வேண்டாம். நெயில் பாலிஷ் ரிமூவர் நனைத்த பஞ்சால் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். பக்கத்தில் அடுப்பு மட்டும் எரியக் கூடாது.

பெரியவர் திரும்பி வந்து, தேங்காய் எண்ணெயில் துணி நனைத்து ஒரு இழுப்பு இழுத்தார். “இனிமே ஈரத்தோட போட்டா ராத்திரிக்குள்ள துரு. நறுக்குன கையோட கழுவித் தொடைக்கணும். இதுக்குத்தான் சனங்க எங்ககிட்ட வாங்குறதில்ல. பளபளன்னு எவர்சில்வர் வேணும்கிறாங்க” என்றார். “புளிப்பு பட்டா கறுக்கும், அது போகட்டும். செவப்பா வந்தாத்தான் துரு.”

காசு வாங்க மறுத்தார். சும்மா வர மனசில்லாமல் இளநீர் சீவ ஓர் அரிவாள் எடுத்தேன். உடனே ஒரு நோட்டு வந்தது. பெயர், ஊர், போன் நம்பர், எதற்கு வாங்குகிறேன் என்பது வரை எழுதச் சொன்னார். அரிவாள் வாங்குகிறவர்களின் விவரத்தைக் குறித்து வைக்கும்படி 2021-ல் போலீஸ் சொன்னதிலிருந்து இப்படித்தான். எனக்கு மேலே எழுதியிருந்த மூன்று பேரும் விறகு வெட்ட என்றே எழுதியிருந்தார்கள்.

சென்னை திரும்பிய நான்காம் நாள் அம்மா போன். மாங்காய் நறுக்கினாராம், நின்றுகொண்டே.

“டேய், நீ தேய்ச்ச பூச்சு திரும்ப வந்துருச்சுடா!”

“செவப்பா இருக்கா, கறுப்பா இருக்காம்மா?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்திருப்பார்.

“கறுப்புதான். கொஞ்சம் நீலமாவும் தெரியுது.”

“அப்ப தொடைச்சு வைம்மா. ஒண்ணுமில்ல.”