முதல்

தமிழில் 'முதல்' என்ற சொல்லுக்குத் தொடக்கம் என்றும் பொருள், தொழிலில் போடும் பணம் என்றும் பொருள். விருதுநகர் பஜாரில் கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டாவது பொருள்தான் முதலில் தெரியவரும் என்று எங்கள் பக்கத்தில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. "லாபம் வரட்டும், வராமப் போகட்டும், முதலுக்கு மோசம் வந்துரக் கூடாது" என்ற பேச்சைக் கேட்டபடியே அந்தப் பிள்ளைகள் வளர்கிறார்கள். அதே மாவட்டத்தில், கரிசல் காட்டுக்கு நடுவே பட்டாசுக் கொட்டகைகள் வரிசை வரிசையாக நிற்கும் ஊர்களில், கூலி, அட்வான்ஸ், போனஸ் என்ற சொற்களைப் பிள்ளைகள் நன்றாக அறிவார்கள். முதல் என்ற சொல் மட்டும் அவர்கள் பேச்சில் வருவதில்லை.

சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தைச் சுற்றியுள்ள சில ஊர்களுக்கு, விடுமுறை நாட்களில் நண்பர்கள் நாங்கள் சிலர் கணக்குச் சொல்லித்தரப் போவதுண்டு. ஒருநாள் பாடம் சலித்துப்போய், "உங்க கையில ஆயிரம் ரூபா இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டோம். சைக்கிள், செல்போன், திருவிழாவுக்குப் புதுத்துணி என்று பதில்கள் வந்தன. ஆறாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி மட்டும், "அம்மா வாங்கின அட்வான்ஸ்ல கழிச்சிருவேன் சார்" என்றாள். மற்ற பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. அது அவர்களுக்கு விளங்கக்கூடிய பதிலாகவே இருந்தது.

பிள்ளைகளுக்குப் பணத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டும் என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது மண் உண்டியல்தான். எங்கள் பள்ளி நாட்களில் சஞ்சயிகா என்ற சிறுசேமிப்புத் திட்டம் இருந்தது. சிக்கனத்தைப் பற்றிக் கட்டுரைப் போட்டிகளும் நடக்கும். அவற்றைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் சிக்கனம் என்பது மிஞ்சுகிற பணத்தைப் பற்றிய அறிவுரை. வாரக் கூலி சனிக்கிழமை வந்து திங்கட்கிழமைக்குள் தீர்ந்துபோகும் வீட்டுப் பிள்ளையிடம் அதை மட்டும் சொன்னால், உன் வீட்டு வறுமைக்கு உன் அம்மாவின் ஊதாரித்தனமே காரணம் என்று சொல்வதுபோல் ஆகிவிடும். அந்த அம்மாக்களைவிடச் சிக்கனமானவர்களை நாங்கள் எங்கும் பார்த்ததில்லை.

பணத்தைச் சிறுவயதில் அறியாமல் போனவர்கள் என்று இவ்வட்டாரத்துப் பிள்ளைகளை யாரும் சொல்லிவிட முடியாது. 1980களில் விடியுமுன்னே கம்பெனிப் பேருந்துகள் ஊர் ஊராகச் சென்று சிறுவர் சிறுமியரை ஏற்றிக்கொண்டு போன காலம் ஒன்று இருந்தது. பேருந்தில் ஏறாத பிள்ளைகளுக்கு வீட்டிலேயே வேலை இருந்தது. கட்டை அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் எங்கள் தலைமுறையினர் பலருக்குப் பள்ளிக்கூடத்துக்கு முன்னும் பின்னும் நடந்த பாடங்கள். 144 சேர்ந்தால் ஒரு குரோஸ் என்பது வாய்ப்பாடு படிப்பதற்கு முன்பே எங்களுக்குத் தெரியும். ஆனால் எண்ணத் தெரிவது வேறு, கணக்குத் தெரிவது வேறு. எத்தனை பெட்டி ஒட்டினோம் என்பது எண்ணிக்கை. ஒரு பெட்டிக்கு எவ்வளவு கூலி, அதை யார் முடிவு செய்தார், சந்தையில் அது என்ன விலைக்குப் போகிறது, இடையிலுள்ள பணம் எங்கே நிற்கிறது என்பது கணக்கு. கடைக்காரர் வீட்டுப் பையனும் சிறுவயதிலேயே வேலை செய்தான். அவன் முன்னால் பேரேடு இருந்தது. எங்கள் முன்னால் இருந்தவை பசையும் பெட்டியும் மட்டும்.

முதல் என்பது என்ன, அது எப்படி உண்டாகிறது என்பதற்கு இதே மண்ணில் நல்ல சான்றுகள் உண்டு. விருதுநகரில் 1880களில் தொடங்கப்பட்ட சத்திரிய வித்யாசாலை 'பிடியரிசிப் பள்ளிக்கூடம்' என்று பெயர் பெற்றது. உலையில் அரிசி போடுமுன் வீட்டுப் பெண்கள் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். அது பள்ளிக்குப் போகும். சமைத்து மிஞ்சியதைக் கொடுக்கவில்லை, சமைப்பதற்கு முன்பே எடுத்துவைத்தார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. நாடார் வணிகர்கள் தங்கள் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கைப் பொதுவுக்கு ஒதுக்கிய மகமையும் இப்படிப்பட்டதே. பள்ளிகளும் சாவடிகளும் கிணறுகளும் அதிலிருந்து எழுந்தன. அதை நிர்வகித்த அமைப்புக்கு உறவின்முறை என்று பெயர். அந்தச் சொல்லே அதன் வலிமையையும் எல்லையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. பின்னாளில் தீப்பெட்டிக் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த பிள்ளைகளில் பலர் அந்த எல்லைக்கு வெளியே இருந்தார்கள்.

சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் தீப்பெட்டித் தொழிலைக் கற்கக் கல்கத்தாவுக்குப் போனார்கள். அந்தத் துணிச்சலை எல்லாரும் புகழ்கிறோம், சரிதான். ஆனால் தூர தேசத்தில் தங்கிக் கற்றுவரும் வரை ஊரில் குடும்பம் பட்டினி கிடக்காது என்ற உறுதியும் அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும். காத்திருக்க முடிந்தவர்களால்தான் கற்க முடிகிறது.

பிள்ளைகளுக்கு நாங்கள் விரும்பிச் சொல்லும் கதை காமராசரின் தாயார் சிவகாமி அம்மையாருடையது. கணவர் இறந்தபோது மகன் சிறுவன். அந்த அம்மையார் தம் காதணியைத் தவிர மற்ற நகைகளை விற்று, அந்தப் பணத்தை ஊரில் ஒரு வணிகரிடம் கொடுத்துவைத்து, மாதாமாதம் வந்த வட்டியில் குடும்பத்தை நடத்தினார். நகையை விற்றுச் சாப்பிட்டிருந்தால் சில ஆண்டுகளில் தீர்ந்திருக்கும். அவர் முதலைத் தொடவில்லை. இருந்தும் காமராசரால் பள்ளிப் படிப்பை முடிக்க முடியவில்லை. மாமாவின் துணிக்கடைக்கு வேலைக்குப் போனார் என்பதையும் பிள்ளைகளிடம் மறைப்பதில்லை. ஒரு தாயின் சாமர்த்தியம் எதுவரை செல்லும், அதற்கு மேல் ஊரும் அரசும் என்ன செய்ய வேண்டும் என்பதை அந்தக் கதை தானாகவே சொல்லிவிடுகிறது.

சிவகாமி அம்மையாரின் அதே கணக்கை நாட்டின் உச்ச நீதிமன்றம் ஒருமுறை போட்டது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்கள் குறித்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10இல் வந்த தீர்ப்பு அது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதியில் கட்ட வேண்டும்; குழந்தைக்குப் பதிலாகக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை தர முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். அந்த 25,000 ரூபாய் முதலாக நிற்கும். அதன் வருவாய் மாதந்தோறும் குடும்பத்துக்கு வரும், பிள்ளை பள்ளிக்குப் போகும் வரை. 12 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டால் மாதம் 250 ரூபாய். நடைமுறையில் அது எந்த அளவுக்கு நிறைவேறியது என்பது தனியே எழுத வேண்டிய விஷயம். ஆனால் ஏழைப் பிள்ளையின் பெயரிலும் ஒரு முதல் இருக்க வேண்டும் என்ற எண்ணம் சட்டத்தின் மொழியில் எழுதப்பட்டது சிறிய காரியமல்ல.

இப்போது அந்தச் சிறுமியின் அட்வான்சுக்கு வருவோம். அதைக் கரும்பலகையில் ஒரு கணக்காகவே போட்டோம். முன்பணம் 10,000 ரூபாய். வாரக் கூலியில் 200 ரூபாய் பிடித்தம். அடைய 50 வாரம். தீபாவளி முடிந்து கம்பெனி மூடியிருக்கும் வாரங்களும் மழையில் வேலையில்லாத நாட்களும் சேர்ந்தால் ஓராண்டு தாண்டிவிடும். அதற்குள் அடுத்த விசேஷமும் அடுத்த முன்பணமும் வந்துவிடும். "வட்டி எவ்வளவு?" என்று கேட்டோம். "வட்டியே கிடையாது சார்" என்றார்கள் எல்லாரும். உண்மைதான். வட்டியில்லாத கடனுக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதுதான் அன்றைய பாடமாக அமைந்தது. பிள்ளைகளே மெதுவாகக் கண்டுபிடித்தார்கள்: கடன் அடையும் வரை வேறு கம்பெனிக்குப் போக முடியாது, கூலி குறைவு என்று பேச முடியாது, இன்றைக்குக் கொட்டகையில் ஆட்கள் அதிகமாக இருக்கிறார்கள், மருந்து அதிகமாகக் கிடக்கிறது, நான் உள்ளே வரமாட்டேன் என்று சொல்ல முடியாது.

2021 பிப்ரவரி 12ஆம் நாள் அச்சங்குளம் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பெண்ணும் அவர்களில் ஒருவர். ஒருவர் பெயரில் உரிமம், பலர் கையில் உள்குத்தகை என்ற பேச்சு அப்போது செய்திகளில் அடிபட்டது. இறந்தவர் குடும்பங்களுக்குப் பிரதமரின் நிவாரண நிதியிலிருந்து 2 லட்சமும் மாநில அரசின் சார்பில் 3 லட்சமும் அறிவிக்கப்பட்டன. நாள் முழுவதும் உழைத்த ஒருவர் உயிரோடு இருந்தவரை அத்தனை பணத்தைச் சேர்த்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஒரு வீட்டுக்கு முதல் என்று சொல்லத்தக்க தொகை சாவின் வழியாகத்தான் வர வேண்டும் என்றால், அந்த வீட்டுப் பிள்ளை செல்வத்தைப் பற்றி எதைக் கற்றுக்கொள்ளும்? எங்களை மிகவும் அச்சுறுத்தும் கேள்வி இதுதான்.

ஆகவே செல்வம் என்பதற்கு நாங்கள் பிள்ளைகளுக்குத் தரும் விளக்கம் கார், பங்களாவைப் பற்றியது அல்ல. ஆபத்தான வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு மாதம் வீட்டில் உலை வைக்க முடிந்தால் அந்த வீட்டில் செல்வம் இருக்கிறது என்று சொல்கிறோம். அந்த ஒரு மாதத்தை எப்படிச் சேர்ப்பது என்பதிலிருந்து பழக்கங்கள் தொடங்குகின்றன. பிடியரிசியைப் போலச் செலவுக்கு முன்பே எடுத்துவைப்பது. தீபாவளி போனஸில் ஒரு பகுதியை அதற்குப் பின்வரும் வேலையில்லாத வாரங்களுக்கு என்று பெயர் எழுதிப் பிரிப்பது. முன்பணமும் பிடித்தமும் எவ்வளவு என்பதைக் கம்பெனி நோட்டில் மட்டுமல்லாமல் வீட்டு நோட்டிலும் தேதியோடு எழுதுவது. இந்த மூன்றாவது வேலையைப் பிள்ளைகள் மிக உற்சாகமாகச் செய்கிறார்கள். அம்மாவுக்குக் கணக்கெழுதும் பெருமை அதில் இருக்கிறது.

பத்து வயது நிறைந்த பிள்ளை அஞ்சலகத்தில் தன் பெயரில் சேமிப்புக் கணக்கு வைத்துத் தானே கையெழுத்துப் போட்டு இயக்கலாம். பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தைக்கு 2015இல் தொடங்கப்பட்ட செல்வமகள் திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு 250 ரூபாய் கட்டினாலும் கணக்கு உயிரோடிருக்கும். நாளுக்குப் பத்து ரூபாய் என்று 15 ஆண்டு கட்டினால், வட்டியைச் சேர்க்காமலே 54,750 ரூபாய். இந்தப் பெருக்கலைப் பிள்ளைகளையே போடச் சொல்கிறோம்.

பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதால் மட்டும் கூலி உயர்ந்துவிடாது. கொட்டகையில் பாதுகாப்பும் வந்துவிடாது. அவை பெரியவர்களும் சங்கங்களும் அரசும் செய்ய வேண்டியவை. ஆயினும் கணக்குத் தெரிந்த பிள்ளைகள் வளர்ந்து நிற்கும் ஊரில் அவற்றைத் தட்டிக்கழிப்பது கொஞ்சம் கடினமாகும் என்று நம்புகிறோம்.

அட்வான்ஸ் கணக்குப் போட்ட அன்று, வகுப்பு முடிந்து கிளம்பும்போது அந்தச் சிறுமி ஒரு சந்தேகம் கேட்டாள். "ஐம்பது வாரம் கழிச்சு அட்வான்ஸ் தீந்தப்புறமும் அந்த இருநூறு ரூபாயைப் பிடிச்சுக்கிட்டே இருந்தா, ஆனா நம்ம நோட்டுல பிடிச்சா, அது முதலா சார்?"

ஆமாம் அம்மா, அதுதான் முதல் என்றோம்.