கணக்கில் வராத ஆட்டம்

லீக் தொடங்க மூணு வாரம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வியாசர்பாடியில் பிராக்டிஸ் மேட்ச் நடந்தது. எங்க பசங்க 2-1 கோல் கணக்கில் ஜெயித்தார்கள். எந்தப் பேப்பரிலும் வரவில்லை. வராது. வியாசர்பாடி என்றால் பேப்பர்காரர்களுக்கு ரெண்டே சேதிதான். ஒன்று வெட்டுக்குத்து, இன்னொன்று ‘குட்டி பிரேசில்’. நடுவில் நாங்கள் வாழ்ந்துகொண்டிருப்பது சேதியில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

நான் ஆடினவள் இல்லை, பார்த்தவள். எம்.ஏ. பரீட்சைக்கு முந்தின நாள்கூட மதில்மேல் உட்கார்ந்து ஆட்டம் பார்த்து அம்மாவிடம் திட்டு வாங்கினவள். இங்கேயே வளர்ந்த தனபால் கணேஷ் 2018 மார்ச்சில் நேரு ஸ்டேடியத்தில், கோவாவுக்கு எதிரான ஐ.எஸ்.எல். அரையிறுதியில் கோல் போட்டார். அன்றைக்குக்கூட நான் இவ்வளவு கத்தவில்லை.

பிராக்டிஸ் மேட்சுக்குப் பாயிண்ட் கிடையாது. ரெண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால் நேரத்தைக் குறைக்கலாம், வேண்டிய பேரை மாற்றி இறக்கலாம். அதில் ஜெயித்ததற்கா இவ்வளவு கூச்சல் என்று ஒரு தோழர் கேட்டார். பெரிய கிளப்புகளுக்கு லீக்கில் பாதி ஆட்டம் சொந்த ஊரில் நடக்கும். எங்களை மாதிரி டீமுக்கு அது இல்லை. சங்கம் ஒதுக்குகிற பொது மைதானங்களுக்குத்தான் போய் ஆடணும். கணக்கில் வருகிற ஆட்டம் சொந்த மண்ணில் இல்லை. சொந்த மண்ணில் ஆடுகிற ஆட்டம் கணக்கில் இல்லை. சேரி ஜனத்துக்கும் மண்ணுக்கும் உள்ள உறவே இதுதானே, தோழர்? பக்கத்துப் புளியந்தோப்பில் 1921இல், பின்னி மில் வேலைநிறுத்தக் கலவரத்தில் நம் ஜனங்களின் குடிசைகள் எரிந்தன. நூறு வருசம் தாண்டியாச்சு. பட்டா எங்கே என்று கேட்டால் இன்னமும் முழிக்கிற வீடுகள் எங்கள் தெருவில் உண்டு.

வந்தது ஒரு கம்பெனி டீம். இத்தனை வருசமும் ‘எங்க கிரவுண்டுக்கு வந்துடுங்க’ என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த வாட்டி அங்கே புதுசாகப் புல் போடுகிறார்களாம். வேறு வழியில்லாமல் வந்தார்கள். வேனிலிருந்து முதலில் இறங்கியது ஆட்டக்காரர்கள் இல்லை, ஆறு கேன் தண்ணீர்.

அம்மாவும் தெருப் பொம்பளைகளும் ரெண்டு பானை மோர் கரைத்து வைத்திருந்தார்கள். இடைவேளையில் அவர்களில் ஒருத்தரும் அந்தப் பக்கம் வரவில்லை. ஆட்டக்காரர்கள், வயிறு கெட்டுவிடும் என்று பயந்திருக்கலாம். ஆனால் எனக்குப் பல்வங்கர் பாலு ஞாபகம் வந்தார். 1911இல் இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்த தலித் கிரிக்கெட் வீரர். பூனாவில் ஆடின காலத்தில் அவருக்கு மட்டும் டீயை வெளியே வைத்து, மண்குவளையில் கொடுத்தார்கள். அவர் தொட்ட பந்துக்குத் தீட்டில்லை, குவளைக்கு உண்டு. இந்தக் கதை தெரிந்தவளுக்குக் கேனைப் பார்த்தால் கேன் மட்டுமா தெரியும்?

இடைவேளைக்கு நாங்கள் ஒரு கோல் பின்னால் இருந்தோம். அவர்கள் ஆட்டத்தில் பயிற்சி தெரிந்தது, குறை சொல்லக்கூடாது. ரெண்டாவது பாதியில் கார்னர் பந்தைத் தலையால் முட்டிச் சமன் செய்தான் ஒரு பையன். கடைசி அஞ்சு நிமிசம். எங்கள் மைதானத்தில் புல் கிடையாது. வடக்குக் கோலுக்கு முன்னால் மண் மேடாக இருக்கும், அங்கே பந்து விழுந்தால் எகிறும். பதினேழு வயசுப் பையன் ஒருத்தன் வேண்டுமென்றே அந்த மேட்டில் பந்தைக் குத்தவிட்டான். அவர்கள் பேக் தாழக் குனிந்தான், பந்து அவன் தலைக்கு மேலே போனது. பின்னால் ஓடிப்போய் அவனே அடித்தான். கோல்! பட்டா இல்லாத மண்ணை எங்க பசங்க அப்படிப் படித்து வைத்திருக்கிறார்கள்.

ஆட்டம் முடிந்ததும் அவர்கள் கோல்கீப்பர் மட்டும் பானைகிட்டே வந்தான். ரெண்டு டம்ளர் குடித்தான். “உப்பு கம்மிம்மா” என்றான், வீட்டுப் பிள்ளை மாதிரி. அம்மா உப்பு அள்ளிப் போட்டாள்.

மேனேஜர் கிளம்பும்போது, “அடுத்த மாசம் எங்க கிரவுண்ட்ல ரிட்டர்ன் மேட்ச் வெச்சுக்கலாம்” என்றார்.

எங்கள் கோச் மாமா விடவில்லை. “புல்லு நல்லா வளரட்டும் சார். அது வரைக்கும் இங்கியே வாங்க.”

பின்னாலிருந்து அம்மா சொன்னாள்: “வர்றப்போ அந்தக் கேனுங்கள தூக்கினு வராதீங்க சார். இங்க தண்ணி கீது.”

மேனேஜர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.