கடலோரத்தில் ராத்தா

பொத்துவிலிலிருந்து பாலத்தைக் கடந்தால் உல்லை. வெளியுலகம் அறிந்த பெயர் அறுகம்பை. ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை கடலலைச் சறுக்கு விளையாட வெளிநாட்டார் இங்கே வந்து குவிவர்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி இதே கடல்தான் ஊருக்குள் புகுந்தது. என் ராத்தா அன்று மூத்த மகளைப் பறிகொடுத்தார். அதன்பின் அவர் கடற்கரைப் பக்கமே போனதில்லை. பிறகு பிறந்த இளையவளையும் விட்டதில்லை.

2018 இல் இவ்வூர்ப் பெண்கள் தமக்கென ஓர் அலைச்சறுக்குக் கழகம் அமைத்தார்கள். பெண்களுக்கென இலங்கையில் தோன்றிய முதற் கழகம் அதுவே. பணம் வாங்காமல் பழக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு மருமகள் அனுமதி கேட்டாள்.

"தம்பி, நீங்க என்ன சொல்றீங்க?" என்றார் ராத்தா.

"ஆடை ஒழுங்கும் பெண் துணையும் இருந்தால் தடுக்க நியாயமில்லை. நீங்களும் கூடப் போங்க" என்றேன்.

சிற்றலைகள் வரும் இடத்தில், முழுக்கை ஆடையும் முக்காடுமாய் மருமகள் இறங்கினாள். விழுந்தாள், உப்புநீரைத் துப்பினாள், மீண்டும் பலகையில் ஏறினாள். அலை வரும் கணத்தில் மூச்சும் காலும்தான் நினைவில் நிற்குமாம், பயத்துக்கு நேரமில்லையாம். அவளே சொன்னாள்.

மரநிழலில் தஸ்பீஹுடன் இருந்த ராத்தா மெல்ல எழுந்து நுரை தொடும் இடம்வரை நடந்தார். சுனாமிக்குப் பின் அன்றுதான் அவர் கால் கடலில் நனைந்தது. வீடு திரும்பி, மூத்தவளின் பெயரைச் சொல்லி வெகுநேரம் அழுதார். அதுவரை அந்தப் பெயரை அவர் வாயால் நாங்கள் கேட்டதில்லை.

சகோதரிகளே, கடலுக்கு முதுகு காட்டி வாழும் தாய்மார் நம் ஊர்களில் இன்னும் உண்டு. ஒருநாள் அவர்களின் கைபிடித்துக் கூட்டிச் செல்லுங்கள்.