நடிப்பு வாத்தியார்கள் எங்கிருந்து வந்தார்கள்?

மேச்சேரி சுற்றுவட்டாரத்தில் ஊருக்கு ஒருவராவது இருப்பார். பிளஸ் டூ முடித்ததும் "நடிகனாகப் போறேன்" என்று வீட்டில் குண்டு போட்டுவிட்டு சென்னைக்கு பஸ் ஏறுகிறவர். அங்கே போய் முதலில் தேடுவது ஒரு நடிப்புப் பயிற்சி வகுப்பு. முதலில் கேட்கும் கேள்வி, "ஃபீஸ் எவ்வளவு?" இரண்டாவது, "எத்தனை மாசம்?" மூன்றாவது, "சர்ட்டிஃபிகேட் உண்டா?"

கேட்க வேண்டிய கேள்வி ஒன்று விட்டுப்போகிறது. சொல்லித்தருபவர் யார்? அவர் இன்னும் நடித்துக்கொண்டிருப்பவரா? அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார்?

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். தமிழ்நாட்டில் நடிப்பு சொல்லிக்கொடுத்தவர்களின் கதையைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால், எல்லாமே அதில்தான் இருக்கிறது!

முதலில் சங்கரதாஸ் சுவாமிகள். தமிழ் நாடக உலகின் தலைமை ஆசிரியர் என்று கொண்டாடப்படுபவர். 1867ல் பிறந்தவர். நாடகத்துக்கு வருமுன் தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலையில் கணக்கராக இருந்தார். ஆமாம், கணக்கு எழுதுகிற வேலை! காமர்ஸ் படிப்பவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். 24ஆம் வயதில் மேடைக்கு வந்து இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் என்று பயமுறுத்தும் வேஷங்களாகக் கட்டினார். ஒருமுறை சனீஸ்வரன் வேஷத்தைக் கலைக்க விடியற்காலையில் நீர்நிலைக்குப் போனபோது, அங்கே இருந்த ஒரு பெண் பார்த்துப் பயந்து உயிரையே விட்டுவிட்டாள் என்றும், அந்த வருத்தத்தில்தான் வேஷம் கட்டுவதை நிறுத்தினார் என்றும் சொல்வார்கள். அதன் பிறகு அவர் முழு வாத்தியார். 1918ல் மதுரையில் சிறுவர்களை வைத்து தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் பாடம் கற்றது அவரிடம்தான்.

அவருக்கு நேர் எதிர் பின்னணி பம்மல் சம்பந்த முதலியாருக்கு. பி.ஏ. படித்த வக்கீல், பிறகு நீதிபதி. நாடகக்காரனைக் "கூத்தாடி" என்று ஏளனம் செய்த காலத்தில், 1891ல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கி, படித்தவர்களை மேடையேற்றினார். தானும் நடித்தார், மற்றவர்களையும் பழக்கினார். "நடிப்புக் கலையில் தேர்ச்சி பெறுவது எப்படி?" என்று புத்தகமே எழுதினார்.

ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். முதலியாருக்கு நாடகம் சோறு போட வேண்டியதில்லை, கோர்ட்டு போட்டது. சுவாமிகள் போன்றவர்களுக்கு அதுதான் சோறு. அதனால் பாடமும் வேறு மாதிரி. சபாவில் மாலை நேர ஒத்திகை, நண்பர்களின் விவாதம். பாய்ஸ் கம்பெனியில் விடிந்தால் பாட்டு, வசனம் மனப்பாடம், தவறினால் அடி. மறுநாள் டிக்கெட் வாங்கி வருகிறவன் முன்னால் பையன் தடுமாறினால் கம்பெனிக்கே நஷ்டம். நல்லது என்று சொல்ல முடியாது. அந்தக் கண்டிப்பின் வேர் வயிற்றுப்பாட்டில் இருந்தது என்று சொல்லலாம்.

அப்படி ஒரு கம்பெனிதான் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. அங்கே பையன்களுக்கு நடிப்பு சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் காளி என். ரத்னம். 1941ல் வந்த "சபாபதி" படத்தில் வேலைக்கார சபாபதியாக வந்து வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தாரே, அவரேதான். (அந்தக் கதை பம்மல் சம்பந்த முதலியாருடையது!) நடித்துக்கொண்டே பாடம் எடுத்த அவரிடம் பயின்ற பையன்களில் ஒருவர் எம்.ஜி.ஆர். அந்தப் பையன்தான் பிறகு நம்ம சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் "மந்திரி குமாரி"யில் (1950) கதாநாயகன். பின்னாளில் ரசிகர்கள் அவரையே "வாத்தியார்" என்று கூப்பிட்டார்கள். நாடகக் கொட்டகையிலும் கூத்துக் களத்திலும் சொல்லிக்கொடுப்பவரை அழைக்கும் அதே சொல்.

சரி, வெளிநாட்டுக்குக் கொஞ்சம் போய்விட்டு வருவோம். இன்று உலகம் முழுக்க நடிப்பு வகுப்புகளில் உச்சரிக்கப்படும் பெயர் ரஷ்யாவின் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி. அவர் குடும்பத் தொழில் என்ன தெரியுமா? தங்க, வெள்ளி ஜரிகை நூல் தயாரிக்கும் தொழிற்சாலை! பட்டுத் தறியும் வெள்ளிக் கொலுசும் உள்ள நம்ம ஜில்லாக்காரர்களுக்குச் சட்டென்று புரியும் தொழில். குடும்பத்துக்குத் தெரியக்கூடாது என்றுதான் அந்தப் புனைபெயரை வைத்துக்கொண்டார். 1898ல் மாஸ்கோ கலை அரங்கை இன்னொருவரோடு சேர்ந்து தொடங்கினார். தன் நடிப்பில் எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று வருஷக்கணக்கில் குறிப்பு எழுதினார். 1928ல் மேடையில் இருக்கும்போதே மாரடைப்பு. அதோடு நடிப்பு நின்றது. 1938ல் இறக்கும்வரை எழுதினார், சொல்லிக்கொடுத்தார்.

காசு இருந்தவருக்கு யோசிக்க நேரம் இருந்தது. அந்த யோசனை புத்தகமானது. புத்தகம் உலகம் சுற்றியது.

இப்போது மேச்சேரிக்கே திரும்புவோம். இந்தப் பக்கத்து அம்மன் பண்டிகைகளில் ராத்திரி ஆரம்பித்து விடியும்வரை நடக்கும் கூத்து. அதை நடத்தும் வாத்தியாருக்கும் யோசனை உண்டு, நுட்பம் உண்டு. ஆனால் பகலில் அவர் காட்டு வேலைக்கோ தறிக்கோ போக வேண்டும். பண்டிகை இல்லாத மாதங்களில் அந்தக் கூலிதான் அடுப்பை எரிய வைக்கிறது. அவரது வகுப்பறை களம்தான். சின்னப் பையன் முதலில் பால வேஷம் கட்டுவான், பிரகலாதனாகவோ கிருஷ்ணனாகவோ. அப்புறம் பெண் வேஷம். உடம்பும் குரலும் தேறிய பிறகுதான் புஜக்கட்டையும் கிரீடமும் ஏறும். நடுராத்திரி இரண்டு மணிக்கு அடவு தப்பினால் வாத்தியார் பின்னாலிருந்து பாட்டை எடுத்துக் கொடுத்துக் காப்பாற்றுவார். மறுநாள் போகிற வழியில் திட்டுவார். கூட்டம் கண் அசரும்போது எப்படி எழுப்புவது, மைக் கெட்டுப்போனால் கடைசி வரிசைக்கு எப்படிக் குரலை அனுப்புவது... இதற்கெல்லாம் பாடப்புத்தகம் கிடையாது. சர்ட்டிஃபிகேட்டும் கிடையாது.

மேச்சேரியை ஒட்டிய ஏர்வாடியில் எழுத்தாளர் மு. ஹரிகிருஷ்ணன் "மணல்வீடு" என்ற சிற்றிதழையும், களரி என்ற அமைப்பையும் நடத்தி, இந்தக் கலைஞர்களை மேடையேற்றிப் பாராட்டுவதையும் பதிவு செய்வதையும் ஒரு வேலையாகவே செய்திருக்கிறார். அதற்குத் தேவை இருந்தது என்பதே நிலைமையைச் சொல்லிவிடும். தான் பட்ட பாடு போதும் என்று பிள்ளையைக் கம்பெனி வேலைக்கு அனுப்பும் வாத்தியாரைக் குறை சொல்லவும் முடியாது.

இந்தச் சிக்கலுக்கு ஒருவர் வழி தேடினார். பெருங்கட்டூர் பொன்னுசாமியின் மகன் பி. ராஜகோபால். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, பத்து வயதில் அப்பாவின் கூத்துக் குழுவில் சேர்ந்தவர். கூத்தா, படிப்பா என்று ஒரு குழந்தை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கக் கூடாது என்று நினைத்தார். மனைவி ஹன்னே டி ப்ரூயினுடன் சேர்ந்து காஞ்சிபுரம் அருகே 2002ல் கட்டைக்கூத்து குருகுலத்தைத் தொடங்கினார். பள்ளிப் படிப்பும் கூத்தும் ஒரே இடத்தில், பையன்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும். தன் வாழ்க்கையில் இல்லாமல் போனதையே பாடத்திட்டமாக்கிய வாத்தியார்! குருகுலம் 2020 வரை நடந்தது. அதில் வளர்ந்தவர்கள் இன்று ஆடுகிறார்கள்.

இன்னொரு வகையும் உண்டு. மு. ராமசாமி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியராக இருந்தவர். நிஜ நாடக இயக்கம் நடத்தியவர். "கே.டி. (எ) கருப்புதுரை" (2019) படத்தில் அந்தப் பெரியவராகவே வாழ்ந்தவர். மாதச் சம்பளம் கிடைக்கும் வகுப்பறை, மேடையில் துணிந்து பரிசோதனை செய்ய இடம் கொடுத்தது.

கற்றுக்கொள்பவர் பக்கமிருந்து ஒரு உதாரணம். பி.காம். படித்து துபாயில் அக்கவுண்டன்ட் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர், ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறையில் கணக்கராகச் சேர்ந்தார். கணக்கு எழுதிக்கொண்டே அங்கே நடிகர்கள் பயிற்சி செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விஜய் சேதுபதி. உப்புப் பண்டகசாலைக் கணக்கர் முதல் கூத்துப்பட்டறைக் கணக்கர் வரை... கணக்குப் புத்தகத்துக்கும் நடிப்புக்கும் ஏதோ பூர்வஜென்ம பந்தம் போல!

நன்றாக நடிப்பவர் எல்லாம் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்று சட்டம் இல்லை. செய்து காட்ட வரும், பிரித்துச் சொல்ல வராது. ஆனால் மேடையை விடாத வாத்தியாரிடம் ஒன்று நிச்சயம் இருக்கும். நேற்றுத் தான் தோற்ற இடம் இன்று அவருக்கு ஞாபகம் இருக்கும். வேறு வேலை செய்து பிழைத்தவராக இருந்தால், மனிதர்கள் எப்படி நடக்கிறார்கள், பேரம் பேசுகிறார்கள், கடன் கேட்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்கும். நடிப்புக்கு அதைவிடப் பெரிய சரக்கு ஏது?

அதனால் சென்னை பஸ் ஏறும் தம்பி, ஃபீஸ் கேட்பதற்கு முன் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். வாத்தியார் கடைசியாக எப்போது மேடையேறினார்? அதற்கு முன் என்ன வேலை செய்தார்?

பஸ் ஏறுவதற்கு முந்தின ராத்திரி பக்கத்து ஊரில் கூத்து இருந்தால், விடியும்வரை உட்கார்ந்து பாருங்கள். விடிந்ததும் வேஷம் கலைத்துக்கொண்டிருக்கும் பெரியவரிடம் "வாத்தியாரே, எனக்கு ஒரு அடவு சொல்லிக்கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். அவரிடம் ரொம்ப நாளாக யாரும் அப்படிக் கேட்காமல் இருந்திருக்கலாம்.